பழைய கெம்பாரா: விற்பதா, வாசலில் வைத்துப் பார்ப்பதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு. மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா லிந்தாங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய 2001-ஆம் ஆண்டு மேனுவல் பெரோடுவா கெம்பாரா கார் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது சூட்டு முள் மேலே போகிறது. நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. கிளம்பும்போது பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். ஃபோர்மேன், அதாவது மெக்கானிக், 'இஞ்சினை ஓவர்ஹால் பண்ணணும்', முழுசாகப் பிரித்துச் சரிசெய்யணும் என்று சொல்லிக் கேட்ட தொகை வண்டியின் விலையைவிட அதிகம். விற்றுவிடலாமா, வாசலில் வைத்து நானே பார்க்கலாமா?

ஓவர்ஹால் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட இஞ்சின் செத்துவிட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. வயதால் மட்டும் இந்த வண்டிகள் சாவதில்லை. தண்ணீரைக் கவனிக்காமல் விட்டதால் இஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து செத்தவைதான் அதிகம். அதனால் வேலையின் வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய், பிறகு ரப்பர். புதுப் பாகம் வாங்குவது கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, 'பழைய வண்டி காசைத் தின்கிறது' என்று புலம்புகிறார்கள்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. கெம்பாரா 1998-இல் வந்தது. உள்ளே இருப்பது டைஹாட்சு டெரியோஸ், பெயர்தான் பெரோடுவா. 2003-இல் டிவிவிடி இஞ்சின் வந்தது, அதில் டைமிங் செயின். உங்களுடையது அதற்கு முந்தைய எச்சி-இஜே 1.3 லிட்டர் இஞ்சின், டைமிங் பெல்ட் உள்ளது. நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும் வண்டி இது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டும் வரும்.

சரி, தண்ணீர். 'நம்ம ஊர்ல பனியா பெய்யுது, பைப் தண்ணி போதும்' என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்தான் கூலண்ட்; உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு: அலுமினிய ஹெட்டும் ரேடியேட்டரும் உள்ளுக்குள் அரிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்திலேயே ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். அதற்கு மேல் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் மூடி என்றால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த அழுத்தம் நிற்காது. சமவெளியில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் முள் மேலே போகும். உங்கள் கதைக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. மூடி மலிவு. பழைய மூடியில் பொறித்துள்ள அதே எண் உள்ளதை வாங்குங்கள்; பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸ் வெடிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுவது. சில நாளைக்குச் சரியானது போலத் தெரியும். பிறகு இஞ்சின் தோட்டத்து ரோட்டில் மெதுவாக ஓடும்போது வேண்டிய சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட ஊற்றும், எண்ணெயில் கசடு சேரும். தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைக் கழற்றி, உள்ளே அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டியில் வெந்நீர் வைத்து அதில் போட்டுப் பாருங்கள். அதன் மேல் பொறித்துள்ள வெப்பநிலை வரும்போது திறக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிது போடுங்கள், கேஸ்கெட்டோடு.

ரேடியேட்டரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு 'சுத்தமாத்தான் இருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். முன்னால் தெரிவது ஏர்கான் கண்டென்சர். இரண்டுக்கும் நடுவில்தான் செம்மண் தூசியும் லாலாங் புல்லின் பூப் பஞ்சும் போய் அடைத்துக்கொள்ளும். செம்பனைக் காட்டில் ஓடிய வண்டியில் அங்கிருந்து ஒரு கைப்பிடி குப்பை வருவது சாதாரணம். இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், சாதாரண தோட்டக் குழாய் வேகம் போதும். கார் கழுவும் ஜெட்டை அடித்தால் மெல்லிய அலுமினிய மடிப்புகள் சாய்ந்து காற்று வழியே அடைந்துவிடும். ஏர்கானைப் போட்டால் முன்விசிறி உடனே சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பஜேரோ மாதிரி பெல்ட்டால் சுற்றும் விசிறி உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், இஞ்சின் சூடாக இருக்கும்போது அதை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் தள்ளிப் பார்க்கலாம். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் அதன் நடுவிலுள்ள கிளட்ச் போய்விட்டது.

கூலண்ட் நிரப்பும்போது காற்று உள்ளே தங்கக் கூடாது. வெளிநாட்டு வீடியோக்களில் 'ஹீட்டரைத் திறந்து வை' என்பார்கள். நம் நாட்டில் ஓடும் வண்டிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, அதைத் தேடி டாஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். குளிர்ந்த இஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். நிரப்பி மூடிவிட்டு, மறுநாள் காலை மறுபடி பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் குறைந்தால், அதுவும் வெளியே ஒரு துளி ஒழுகாமல் குறைந்தால், அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த சில நொடியில் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா, எண்ணெய் மூடியில் பால் நிறத்தில் கசடு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். ஓவர்ஹாலுக்குக் காசு எண்ணித் தருவதற்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி ஃபோர்மேனிடம் கேளுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஓட்டையை அடைக்கும் என்று விற்கிற டப்பா மருந்தை மட்டும் ஊற்றாதீர்கள், அது ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும்.

இன்னொன்று: ஏற்றத்தில் மேலே போன முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் தொங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிடுங்கள்.

எண்ணெய் ஒழுகலுக்கு வருவோம். அழுக்கு இஞ்சினில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஓடும்போது காற்று எண்ணெயை எங்கெங்கோ கொண்டுபோகும். டீகிரீசர் போட்டுத் துடைத்து, ஒரு நாள் ஓட்டி, பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். மிக உயரத்தில் ஈரமாக இருக்கும் இடம்தான் மூலம். பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கெட்டாகத்தான் இருக்கும். அதை நீங்களே மாற்றலாம். போல்ட்டை மட்டும் பலம் காட்டி முறுக்காதீர்கள். கவர் வளைந்தால் புது கேஸ்கெட்டும் ஒழுகும்.

ஆனால் கேஸ்கெட்டை மாற்றுவதற்கு முன், இஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'கடகட' என்று கேட்க வேண்டும். அது கசடு பிடித்து அடைத்திருந்தால் இஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாமல் எண்ணெயை ஒவ்வொரு சீல் வழியாகவும் தள்ளும். நீங்கள் ஒரு சீலை மாற்றினால் அடுத்தது ஒழுகும். ஐந்து சீல் மாற்றிய வண்டியில் கடைசியில் இந்தச் சின்ன வால்வு மட்டுமே குற்றவாளியாக இருந்ததைத் தோட்டத்து வொர்க்ஷாப்பில் வேலை பார்த்தபோது பார்த்திருக்கிறேன்.

இஞ்சின் ஆயில் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வயது இஞ்சினுக்கு நம் வெயிலில் 10டபிள்யூ-40 நன்றாக ஒத்துப்போகும். மினரல் எண்ணெய் என்றால் 5,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். கழித்த கறுப்பு எண்ணெயை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றாதீர்கள். முன்பு லயத்து வேலிக் கம்பத்துக்குக் கறையான் மருந்து என்று பூசுவார்கள், அதுவும் வேண்டாம். மலேசியச் சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட கழிவு. டப்பாவில் பிடித்து வைத்தால் பெரும்பாலான வொர்க்ஷாப்கள் வாங்கிக்கொள்ளும், எண்ணெய் சேகரிக்கும் லாரி அவர்களிடம் வரும்.

யாரும் தொடாத எண்ணெய் ஒன்று உண்டு. பின் ஆக்சிலின் நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்க் கூடான டிஃபரென்ஷியலில் உள்ளது. வாங்கின நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறைய. வேலை எளிது, ஆனால் ஒரு விதி: முதலில் நிரப்பும் துளையின் போல்ட்டைத் திறந்து பாருங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே படுத்துவிடும். ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 எண்ணெய் போடுங்கள். வடிந்தது பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எப்படிப் போகும்? ஆக்சிலின் மேலே காற்று விடும் சின்ன பிரீதர் ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் சூடான ஆக்சிலோடு தோட்டத்து வாய்க்காலில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் சேற்றால் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுபடி சூடாகும்போது அதே சீல் வழியாக எண்ணெய் வெளியேறிப் பின் பிரேக் டிரம்முக்குள் போய்விடும். பிரேக் ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவும் காரணம். பிரீதரை ஒரு துணியால் துடைத்து, மூடி அசைகிறதா என்று பார்ப்பதற்குக் காசே ஆகாது.

பின்பக்க 'டக்' சத்தத்துக்கு முதல் சந்தேகம், பின் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்ட். கிளட்சை விடும்போதும், முன் கியரிலிருந்து ரிவர்சுக்கு மாற்றும்போதும் ஒரு முறை அடிக்கும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, நியூட்ரலில், ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் அதுதான். ஜாயிண்டைச் சுற்றித் துரு நிறப் பொடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜாயிண்ட் சரியாக இருந்தால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் லிங்குகளின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். ஒரு நெம்புகோலை வைத்து மெல்ல நெம்பினால் வெடித்த ரப்பர் வாயைத் திறந்து காட்டும். புஷ்ஷை அடித்து இறக்க பிரஸ் தேவை. லிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் ஈப்போவில் அழுத்திக் கொடுப்பார்கள், கூலி குறையும்.

டயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் முன்னால் புது டயர் இரண்டு, பின்னால் மொட்டை டயர் இரண்டு என்று ஓட்டக் கூடாது. சுற்றளவு வேறுபட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியல் நேர் ரோட்டில்கூட ஓயாமல் வேலை செய்து தேயும். அதேபோல டாஷ்போர்டில் உள்ள, அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டும் டிஃப் லாக் சுவிட்ச் சேற்றுக்கு மட்டும். தார் ரோட்டில் அதைப் போட்டபடி வளைத்தால் வண்டி இழுத்துப் பிடிக்கும், முனகும். அப்பா தோட்டத்தில் அதைப் போட்டு ஓட்டிவிட்டு மறந்திருக்கலாம். சத்தம் அதனால்கூட இருக்கலாம், முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

இனி, படுத்து வேலை செய்வது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். குறைந்தது இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்காமல் அடியில் போகவே வேண்டாம். தோட்டத்து வீட்டு வாசல் களிமண். மழை பெய்த மறுநாள் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். துளை உள்ள சிமெண்டுக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது விரிசல் காட்டிவிட்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக் பிடிப்பதற்குச் சக்கரம் தரையில் இருக்காது, அதனால் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை.

நீங்களே செய்யக் கூடாத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். டைமிங் பெல்ட் ஒன்று. எப்போது மாற்றினார்கள் என்று அப்பாவுக்கு நினைவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பருக்கு கிலோமீட்டர் மட்டுமல்ல, வயதும் கணக்கு. பெல்ட் அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இதை வொர்க்ஷாப்பில் கொடுங்கள், கேம், கிராங்க் சீல்களையும் அதே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். ஏர்கான் கேஸ் வேலையும் அவர்களுக்கே. பிரேக் பேட், பிரேக் ஷூ நீங்கள் மாற்றலாம், ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள், ஸ்பிரிங் எங்கே மாட்டியிருந்தது என்று பார்த்து மாட்ட ஒரு மாதிரி இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் கேமரன் மலையிலிருந்து இறங்கினால் பெடல் பஞ்சு மாதிரி போகும்.

மின்சாரக் கோளாறு என்றால் சென்சார் வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, அதற்காகவே தோட்டங்கள் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன. இரவில் சூடான பானட்டுக்குள் எலி ஏறி வயரைக் கடிக்கும். மலிவான மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். இஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஓடும்போது குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டர் என்று தீர்ப்பு எழுதாமல் முதலில் இஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள்.

பாகங்களுக்கு டெரியோஸ் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும் வாய்ப்பு இரட்டிப்பு. ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகளை வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடையில் விளக்கு, கதவு, கியர்பாக்ஸ் வாங்கலாம். பெல்ட், ஹோஸ், சீல் மாதிரி ரப்பர் எதையும் அங்கே வாங்காதீர்கள், அதுவும் உங்கள் வண்டியின் வயதுதான். ஃபோர்மேன் இஞ்சினையே மாற்றிவிடலாம் என்று சொன்னால், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனுமதி வாங்கி, பரிசோதனைக்குக் காட்டி, கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், இஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விற்பதா என்ற கேள்விக்குப் பதில் இஞ்சினில் இல்லை, துருவில் இருக்கிறது. அப்பா பின்னால் உர மூட்டை ஏற்றியிருந்தால் இது இன்னும் முக்கியம். செம்பனைக்குப் போடும் சிவப்புப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு; சிந்தியது கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரத்தோடு சேர்ந்து தகரத்தைத் தின்னும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பின்கதவின் அடிப்பகுதியும் ஸ்பேர் டயர் தொங்கும் இடமும் துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, வெட்டி ஒட்டலாம். அடியில் போய், பின் லிங்குகள் பாடியோடு சேரும் இடங்களை ஒரு ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். இரும்பு தாங்கினால் மேலே எழுதிய வரிசையில் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஸ்குரூடிரைவர் உள்ளே போனால் ரேடியேட்டர் மூடிகூட வாங்காதீர்கள். வண்டியைப் பாகங்களுக்கு விற்றுவிடுங்கள். அதனால் இந்தக் குத்துச் சோதனைதான் உங்கள் முதல் வேலை.